தொற்காளுக்குப் பின்னால் வந்த ஓடை

இந்தக் கதையை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தரங்கம்பாடி ஞானாதிக்கம். சென்னைப்பட்டணத்தில் கேப்டன் டிராஸ்க் என்ற துரைக்குச் சமையல்காரராகச் சேர்ந்தவர். துரைக்கு ஆஸ்திரேலியாக் கண்டத்தில் ஒரு கைதிப் பண்ணையை நிர்வகிக்கும் வேலை கிடைத்தபோது, புளியையும் மிளகாயையும் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே கப்பலேறிப் போய்விட்டார். கதையில் பாதியைக் கண்ணால் பார்த்தவர், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். கதையில் வருகிறவளின் பெயர் அவள் பாஷையில் டார்கஸ். ஞானாதிக்கத்தின் வேதப் புத்தகத்தில் அந்தப் பெயர் தொற்காள் என்று இருந்ததால் அவர் தொற்காளம்மா என்றே கூப்பிட்டார், அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள், ஆகையால் நாமும் அப்படியே சொல்வோம்.

தொற்காள் சீமையில் ஆல்டர்கோம் என்ற சிற்றூரில் துணி வெளுத்துப் பிழைத்தவள். புருஷன் ஆமோஸ் கூரை வேய்கிறவன், நல்லவன், அதிகம் பேசாதவன். லெட்டி என்று ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தது. அந்த வருஷக் குளிரில் குழந்தைக்கு நெஞ்சுச் சளி கட்டிக்கொண்டு மூச்சு விசிலடித்தது. பண்ணையார் மாளிகையிலிருந்து வெளுப்புக்கு வந்த படுக்கை விரிப்புகளில் நைந்துபோன ஒன்றை, இதை யார் தேடப்போகிறார்கள் என்று எடுத்து வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்துக் குழந்தைக்கு இரவுச் சட்டை தைத்துவிட்டாள். ஆனால் தேடினார்கள். கோர்ட்டில் நீதிபதி ஏதாவது சொல்வதற்கு உண்டா என்று கேட்டார்.

"குழந்தைக்குக் குளிர்ந்துச்சு ஐயா."

"எல்லார் வீட்டுக் குழந்தைக்கும்தான் குளிருது" என்று சொல்லி ஏழு வருஷம் தீவாந்தர சிட்சை விதித்தார் நீதிபதி. சீமையைவிட்டுக் கப்பலேற்றி, பூமிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிற தண்டனை அது. போகிறவர்களுக்குப் போகத்தான் கப்பல் உண்டு. ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வருவது அவரவர் பாடு.

கேப்டன் டிராஸ்கின் பண்ணை கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, காய்ந்த மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருந்தது. வானம் அங்கே எப்போதும் துவைத்து உலர்த்தியதுபோல வெளுத்துக் கிடக்கும். கோதுமை விதைத்தால் பாதி முளைக்கும், முளைத்ததில் பாதி கருகும். ஆண் கைதிகள் காட்டைத் திருத்தினார்கள், பெண் கைதிகள் சமைத்தார்கள், தைத்தார்கள், துவைத்தார்கள். தொற்காளுக்கு வெளுப்புக் கொட்டகை கிடைத்தது. கூடவே நோரா என்ற அயர்லாந்துக்காரி, வாய்த்துடுக்கு நிறைந்தவள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். இருவரும் பீப்பாயில் வரும் கலங்கல் தண்ணீரில் பண்ணை முழுவதன் அழுக்கையும் கரைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் வருஷம் மழை அடியோடு பொய்த்துப் பீப்பாயும் வராமல் நின்றபோது, துணியைச் சாம்பலிலும் மணலிலும் போட்டுத் தேய்த்து உதறச் சொல்லிவிட்டார் துரை.

அப்படி ஒரு முற்பகலில் கொட்டகைக்குப் பின்னால் மண்டியிட்டு மணலில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த தொற்காளின் முழங்கால் நனைந்தது. முதலில் வியர்வை என்று நினைத்தாள். பிறகு பாவாடை நனைந்தது. மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வந்த தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று இருந்தது, பாசியும் இரும்பும் கலந்த ஒரு வாசம் அதில் அடித்தது. மத்தியானத்துக்குள் அது ஒரு முழ அகலத்துக்கு விரிந்தது, சாயங்காலத்துக்குள் சரிவில் இறங்கிச் சலசலத்து ஓடி, எத்தனையோ காலமாக உலர்ந்து கிடந்த வாய்க்காலைக் கண்டுபிடித்து அதில் படுத்துக்கொண்டது. விரல்நீள மீன்கள் வந்தன, முட்டைக்கோஸ் இலை ஒன்று வந்தது, வாத்து இறகு வந்தது, கடைசியாகக் கறுப்புக் கம்பளிக் காலுறை ஒன்று வந்தது. தொற்காள் அதை எடுத்துப் பிழிந்து குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க பாதிரியாரோடது" என்றாள் நோராவிடம். "இந்த ஓட்டையை நான்தான் அடைச்சேன். இது எங்க ஊர் ஓடை."

நோரா காலுறையைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள். "எங்க ஊர் ஆறு ரொம்பப் பெருசு" என்றாள். "அதனாலதான் வர முடியல."

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் பெரிதாக ஆராயவில்லை, தாகம் எடுத்தவர்களுக்கு ஆராய நேரமில்லை. கேப்டன் மட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு ஆட்களை விட்டுத் தோண்டிப் பார்த்தார். தோண்டத் தோண்டத் தண்ணீர் கூச்சப்பட்டவளைப்போல உள்ளே போனது, மண்வெட்டியை வைத்ததும் திரும்பி வந்தது. உடனே தோண்டுவதை நிறுத்திவிட்டார். சர்வேத் துரை ஒருவர் குதிரையில் வந்து பார்த்து ஊற்று என்று குறித்துக்கொண்டு, சட்டி நிறைய மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த மண்ணுக்கு உரியவர்களான மலை ஜனங்கள் வந்து கையில் அள்ளி முகர்ந்து, இது இங்கத்துத் தண்ணி இல்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு, விருந்தாளி வீட்டில் குடிப்பதைப்போல மரியாதையாகக் குடித்தார்கள்.

ஞானாதிக்கம் கரையில் வளர்ந்த கீரையைப் பறித்துத் துவட்டிப் போட்டார். பாதிரியாரின் காலுறைக்கு இன்னொரு கால் அடுத்த மாதம் வந்து சேர, ஜோடியாக அதைத் தொற்காள் ஞானாதிக்கத்துக்கே கொடுத்துவிட்டாள். காலையில் குளிர் தாங்க முடியவில்லை என்று அவர்தான் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"பாதிரியார் கோவிச்சுக்க மாட்டாரா தொற்காளம்மா?"

"ரெண்டு சட்டை வெச்சிருக்கவன் ஒண்ணைக் குடுன்னு அவர்தான் எப்பவும் பிரசங்கம் பண்ணுவார் ஞானம். போட்டுக்குங்க."

ஓடை தன் ஊரின் பருவத்தையே பிடித்துக்கொண்டு வந்தது. பண்ணையில் இலையுதிரும்போது ஆப்பிள் பூவிதழ்கள் மிதந்து வந்து மடைகளில் தேங்கின. பண்ணையில் கோடையான கிறிஸ்துமஸ் சமயத்தில், வெயிலில் ஆடுகள் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கிற நாட்களில், கண்ணாடித் தகடுபோல ஐஸ் துண்டுகள் வந்தன. கைதிகள், காவல்காரர்கள், துரைசாணி, துரைசாணியின் குழந்தைகள் என்று எல்லாரும் கரையில் வரிசையாக மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார்கள், கொஞ்ச நேரத்துக்கு யார் கைதி யார் காவல் என்று அடையாளம் தெரியவில்லை. கோதுமை கதிர் தள்ளியது. கேப்டன் மற்றப் பண்ணைத் துரைகளுக்கு விருந்து வைத்தார்.

ஆனால் பண்ணை ஜனங்களுக்கு ஓடையால் வந்த பெரிய லாபம் கோதுமை அல்ல, ஆல்டர்கோம்தான். அந்த ஊர்ப் பெண்களின் கையிலிருந்து வாரம் தவறாமல் ஏதாவது நழுவியது, நழுவியது எதுவானாலும் இங்கே வந்தது, வந்தது யாருடையது என்று தொற்காள் பார்த்த மாத்திரத்தில் சொன்னாள். பாதிரியாரின் கழுத்துப்பட்டி சின்னதாகிவிட்டது, மனிதர் மெலிந்துவிட்டார். ஆலைக்காரர் ஹாக்கினின் சட்டையில் இப்போதெல்லாம் மாவு குறைவாகவும் ஒயின் கறை அதிகமாகவும் இருக்கிறது. ரொட்டிக்கடைக்காரிக்கு மறுபடியும் பிரசவம், பச்சைக்குழந்தைக்குக் கட்டும் அணையாடை வந்துவிட்டது. சொந்த ஊரிலிருந்து ஒரு சொல்கூட வராத ஆட்கள் இந்த ஊரைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஜேப்படி அடித்தவன் ரொட்டிக்கடைக் குடும்பத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொண்டு அவர்களுக்காகக் கவலைப்பட்டான். நோரா கேப்டனுடைய குடியைவிட ஹாக்கினின் குடியைப் பற்றி அதிகம் பேசினாள். ஒருமுறை வெள்ளை மலர்வளையம் ஒன்று வந்தபோது, யார் செத்தது என்று தெரியாமலேயே ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, அது கண்ணுக்கு மறையும்வரை நின்றார்கள்.

லெட்டியின் முதல் கவுன் வந்த அன்று தொற்காள் அதை உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொற்காள் வீட்டில் விட்டுவிட்டு வந்த நீலப் பாவாடையை வெட்டித் தைத்த கவுன் அது. தையல் பொடிப்பொடியாக, ஒன்றுபோல ஒன்று ஓடியிருந்தது. வளர்ந்தால் பிரித்துவிடுவதற்கு உள்ளே தாராளமாகத் துணி மடித்து விட்டிருந்தது. ஆமோஸுக்குப் பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது.

"வேற ஒருத்தி வந்திருக்கா" என்றாள் தொற்காள் கடைசியில்.

நோரா கவுனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தையலைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. "வேண்டாத பிள்ளைக்கு யாரும் இப்படி மடிச்சுத் தைக்க மாட்டாங்க" என்றாள்.

தொற்காள் அன்று வெளுப்புத் தொட்டியில் முகத்தைக் கழுவினாள், மறுபடியும் மறுபடியும் கழுவினாள். பிறகு கவுனை அலசி, கஞ்சி போட்டு, மடித்து, தன் பெட்டியில் வைத்தாள். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தன. முழங்கையில் கிழிசல் இருந்தால் மரமேறுகிறாள் என்று பண்ணையே சிரித்தது. இடது கைப்பட்டியில் மைக்கறை வந்தபோது தொற்காள் அதை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினாள்: மகள் எழுதப் படிக்கிறாள், அதுவும் இடது கையால். தனக்குப் பெயரெழுதத் தெரியாததைப்பற்றி ஒருநாளும் கவலைப்படாதவள் அன்று அந்தக் கறையை வெளுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

தண்டனை முடிந்தது. கேப்டன் கூப்பிட்டு, இனி நீ சுதந்திரமானவள் என்று சொன்னார். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து மிச்சத் துணியை அலசினாள். திரும்பிப் போக வழியில்லை என்பது ஒன்று, போனால் மூன்றாவது ஆளாக எந்த நாற்காலியில் உட்காருவது என்பது இன்னொன்று. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். வருஷங்கள் ஓடையைப்போலவே போயின. நோரா காவல்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு வாய்க்கால் ஓரம் காய்கறித் தோட்டம் போட்டாள்.

பிறகு ஒருநாள் தண்ணீர் கறுத்தது.

சாயம் கரைந்து புகைபோல வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் லெட்டியின் கவுன் வந்தது. மடிப்புகளில் பழைய பச்சை தெரிந்தது, வீட்டிலேயே அவசரமாகக் கறுப்பில் தோய்த்த கவுன் அது. அன்று எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை துக்கம் உடுத்தியிருக்கிறது. செத்தது ஆமோஸா, அந்தத் தையல்காரியா, இரண்டு பேருமா? அடுத்த வாரங்களில் என்ன வருகிறது என்று ஜனங்கள் முறைபோட்டுப் பார்த்தார்கள். பாதிரியாருடையது வந்தது, ரொட்டிக்கடையுடையது வந்தது. அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. தொற்காள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஞானாதிக்கம் கஞ்சி கொண்டுவந்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"தொற்காளம்மா, நம்ம துரைசாணி குழந்தைகளோட சீமைக்குப் போகப்போறாங்க. உடம்புக்கு ஆகலையாம். கப்பல்ல குழந்தைகளைப் பாத்துக்க, துணிமணி துவைக்க, ஒரு பொம்பளை வேணும்னு பேச்சு. நீங்க கேளுங்க."

தொற்காள் கேட்டாள். துரைசாணிக்குச் சம்மதம். கேப்டன்தான் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். ஜன்னலுக்கு வெளியே கோதுமை மஞ்சள் பிடித்துக்கொண்டிருந்தது.

"நீ சுதந்திரமானவள். தடுக்க எனக்கு உரிமை இல்லை" என்றார். "ஆனா அது உனக்குப் பின்னால வந்த தண்ணி. நீ போனா அதுவும் போயிடும். நூறு வாய் இதைக் குடிக்குது. நீயே யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். யோசித்து, போகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நோராவுக்கு விஷயம் தெரிந்தது தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தபோது. அவளுக்குக் குழந்தை பிறந்து சில மாதமே ஆகியிருந்தது. பெண் குழந்தை. அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகத் துரை பங்களாவுக்கு நடந்தாள். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஜேப்படிக்காரன், காவல்காரர்கள், மாட்டுக்கொட்டில் ஆட்கள், கையில் கரண்டியோடு ஞானாதிக்கம் என்று எல்லாரும். கேப்டன் வெளியே வந்தார்.

"அவ பிள்ளை அங்கே கறுப்பு உடுத்தியிருக்கு துரை" என்றாள் நோரா. "எம் பிள்ளைக்குத் தண்ணி வேணும்னு அவளை இங்கே கட்டிப்போடச் சொல்றீங்க. அந்த வேலைக்கு ஏற்கெனவே கோர்ட்டு இருக்கு, நாங்க எதுக்கு?"

"தண்ணி நின்னா உன் தோட்டம்தான் முதல்ல கருகும்."

"கருகட்டும். மறுபடியும் மணல்ல துவைப்போம்."

கேப்டன் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் தலையைக் குனியவில்லை. ஜேப்படிக்காரன், அடக்கமாக, ரொட்டிக்கடைக்காரிக்குத் தன் விசாரிப்பைச் சொல்லச் சொன்னான். கேப்டன் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் துரைசாணி வெளியே வந்து, பெட்டியைக் கட்டச் சொல்லித் தொற்காளுக்குச் சொல்லுங்கள் என்றாள்.

வண்டி புறப்பட்ட காலையில் ஒருவரும் தொற்காளைப் பார்க்கவில்லை, எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் வண்டியிலிருந்து தண்ணீரையே பார்த்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. முதல் மேட்டில் வண்டி ஏறும்போது திரும்பிப் பார்த்தாள், வெயிலில் பளபளத்தது. இரண்டாவது மேட்டிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. துறைமுகம் போய்ச் சேரும்வரை யாராவது குதிரையில் துரத்தி வந்து நின்றுவிட்டது என்று சொல்வார்களோ என்று பயந்துகொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. ஆனால் சொல்ல மனமில்லாமல் வராமல் இருந்திருக்கவும் கூடும் என்று கப்பலில் ஒரு எண்ணம் வந்து, கடல் முழுக்க அவளோடு பயணம் செய்தது.

ஆல்டர்கோமில் வீடு அதே இடத்தில்தான் இருந்தது. கதவைத் திறந்தவள் மெலிந்து உயர்ந்தவள், விரலில் ஊசி குத்தின தழும்புகள். கறுப்பு உடுத்தியிருந்தாள்.

"நீங்க டார்கஸ்" என்றாள். "நான் ரூத். உள்ளே வாங்க, குளிருது."

ஆமோஸ் கூரையிலிருந்து விழுந்து செத்துப்போயிருந்தான். அதை ரூத் சொல்ல, தொற்காள் கேட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே மனிதனுக்காக அழுதுவிட்டு, டீ குடித்தார்கள். அதற்கப்புறம் தொற்காள் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த கவுன்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் அடுக்கினாள். ரூத் தன் தையலைத் தானே தடவிப் பார்த்தாள். எங்கே போயிற்று என்று, துவைக்கிற நாளான எத்தனை திங்கட்கிழமை தேடியிருக்கிறாள். ஊரே தேடியது. துவைக்கிற இடத்தில் வில்லோ மரத்து வேருக்கு அடியில் ஒரு சுழி விழுந்து, பத்து வருஷத்துக்கு மேலாகப் பாதித் தண்ணீரை உள்ளே இழுக்கிறது, கை நழுவிப் போனது திரும்ப வருவதில்லை. ஊர்க்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

"இப்பவும் இழுக்குதா?" என்று கேட்டாள் தொற்காள்.

"நேத்துகூட ஒரு தலையணை உறை போச்சு."

தொற்காள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கடல் முழுக்கக் கூட வந்த பயம் அங்கேதான் அவளை விட்டு இறங்கிப் போனது.

லெட்டி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைவிட உயரமாகிவிட்டாள். அருகில் வரவில்லை.

"என் சட்டையெல்லாம் நீங்க வெச்சிருந்தீங்க" என்றாள். "ஒண்ணாவது திருப்பி அனுப்பினீங்களா? உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தண்ணி மேலே ஏறாதும்மா."

"ஏறாதுதான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மாடிக்குப் போய்விட்டாள். பிறகு வந்த வாரங்களிலும் அவள் மரியாதையாக இருந்தாள், உப்பை நகர்த்திக் கொடுத்தாள், கேட்டால் பதில் சொன்னாள், அதற்குமேல் ஒரு வார்த்தை கூடவில்லை. தொற்காளும் கூட்டிக் கேட்கவில்லை. ரூத் வெளுப்பு வேலையில் பாதியை அவளுக்குப் பிரித்துக் கொடுத்தாள், மாடியில் மகளின் அறைக்கு அடுத்த அறையை ஒழித்துக் கொடுத்தாள்.

அந்த வசந்தத்தில்தான் ஆலைக்காரர் ஹாக்கின் சுழியை அடைக்க முடிவு செய்தார். பாதித் தண்ணீர் போனதால் ஆலைச் சக்கரம் சோம்பேறியாகச் சுற்றுகிறது, கல்லும் களிமண்ணும் போட்டு மூடிவிட்டால் பழையபடி அரைக்கலாம் என்றார். ஊருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வெளியே எல்லாரும் கூடி நின்றபோது தொற்காள் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பக்கம் ஆட்கள் குடிக்கிறாங்க" என்றாள்.

"கைதிகள்" என்றார் ஹாக்கின்.

"ஆமாம். நீங்க ஒயினைக் குறைச்சா உடம்புக்கு நல்லதுன்னு சொல்லச் சொன்னாங்க."

ஹாக்கின் முகம் சிவந்தது. ரொட்டிக்கடைக்காரி தன்னைப் பற்றி யாராவது விசாரித்தார்களா என்று கேட்டாள். விசாரித்தார்கள், ஒவ்வொரு பிரசவத்துக்கும் கவலைப்பட்டார்கள் என்று தொற்காள் சொன்னாள். வயசாகிவிட்ட பாதிரியார் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, தன்னுடைய காலுறைகளைப்பற்றி ஏதாவது தெரியுமா என்றார்.

"ஞானாதிக்கம்னு ஒருத்தர் போட்டிருக்கார் ஐயா. இந்தியாக்காரர். அவருக்குக் குளிர் தாங்காது."

பாதிரியார் வெகுநேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லது" என்றார். "அளவு சரியா இருக்கா?"

ஆனாலும் ஆலை ஹாக்கினுடையது, கல் ஹாக்கினுடையது, ஊருக்கு மாவும் வேண்டும். திங்கட்கிழமை காலையில் கல்வண்டி வந்தபோது தொற்காள் வில்லோ மரத்தடியில் சுழிக்கு மேலேயே முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தாள். ஹாக்கின் நகரச் சொன்னார். அவள் நகரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை கடல் கடத்தப்பட்டவளை எதைச் சொல்லி மிரட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது ரூத் இடுப்பில் கூடையோடு சரிவில் இறங்கி வந்தாள், காலணியைக் கழற்றிக் கரையில் வைத்தாள், தண்ணீரில் இறங்கித் தொற்காளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இன்னைக்குத் துவைக்கிற நாள் மிஸ்டர் ஹாக்கின்" என்றாள். "முடிச்சுட்டுச் சொல்றோம்."

ரொட்டிக்கடைக்காரி அணையாடை மூட்டையோடு வந்தாள். ஹாக்கின் வண்டிமேல் உட்கார்ந்து புகையிலை பற்றவைத்தார். லெட்டி கடைசியாக வந்தாள். அவள் கரையிலேயே நின்றாள். தண்ணீரில் ஒரு துணி சுழன்று சுழன்று வேருக்கடியில் இறங்கிப் போவதைப் பார்த்தாள்.

"அங்கே யாருக்குப் போகும் அது?" என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"யார் முதல்ல பார்க்கறாங்களோ அவங்களுக்கு. நோராதான் பார்ப்பா, அவ தோட்டம் கரையில இருக்கு. வீட்டில சின்னக் குழந்தை."

"ஆணா பெண்ணா?"

"பெண்."

"பேர் என்ன?"

தொற்காள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். "லெட்டி" என்றாள். "உன் சட்டைகளைப் பார்த்துப் பார்த்து உன்னை எல்லாருக்கும் தெரியும். நீ இடது கையால எழுதறது, மரம் ஏறுறது எல்லாம். நீ கறுப்பு உடுத்தினப்போ அங்கே யாரும் அன்னைக்கு வேலை செய்யல. குழந்தை பிறந்ததும் நோரா உன் பேரை வெச்சுட்டா. என்கிட்ட அனுமதிகூடக் கேக்கல."

லெட்டி குனிந்து சுழியை எட்டிப் பார்த்தாள். உலகத்தின் அடியில் யாரோ தன் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. பிறகு கரையில் உட்கார்ந்து காலுறைகளைக் கழற்றினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்ததால் தடுமாறினாள், தடுமாறியபோது பிடித்துக்கொள்ளக் கிடைத்தது தொற்காளின் தோள். நிலைப்பட்டபின்னும் அந்தக் கையை எடுக்கவில்லை.

"அம்மா, சவுக்காரத்தை இங்கே தாங்க" என்றாள். கேட்டதும் இரண்டு பேர் திரும்பினார்கள். ரூத் சிரித்துவிட்டுச் சவுக்காரத்தைத் தொற்காளின் கையில் வைத்தாள், தொற்காள் மகளிடம் கொடுத்தாள்.

அன்று துணி முடியவே இல்லை. மத்தியானம் ஹாக்கின் வண்டியைத் திருப்பினார். மறுநாள் வந்தபோதும் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள், அதற்கு மறுநாளும். கற்களை வீட்டுக்கும் கரைக்கும் சுமந்து அலுத்துப்போன அவருடைய ஆட்கள், கடைசியில் அவற்றைச் சுழியைச் சுற்றி நின்று துவைக்கத் தோதாக ஒரு மேடையாக அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.